77-க்கும் 78-க்கும் என்ன உறவு?

77, 78 என்ற இரண்டு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் படித்தபடி இரண்டையும் பகாக் காரணிகளாகப் பிரியுங்கள். 77 என்பது 7 × 11. 78 என்பது 2 × 3 × 13. இப்போது பெருக்கல் குறியை அழித்துவிட்டுக் கூட்டல் குறி போடுங்கள். 7-ம் 11-ம் சேர்ந்தால் 18. 2, 3, 13 மூன்றும் சேர்ந்தாலும் 18.

தற்செயல்தானே என்று விட்டுவிடாமல் 15-ஐயும் 16-ஐயும் பாருங்கள். 3-ம் 5-ம் கூட்டினால் 8. 16-க்கு நான்கு 2-கள். அவற்றின் கூட்டுத்தொகையும் 8. 125-க்கு மூன்று 5-கள், ஆகவே 15. 126-க்கு 2, 3, 3, 7, அதுவும் 15. ஆனால் 16, 17 என்று போனால் பலிக்காது. 100, 101 என்று போனாலும் பலிக்காது. 1000 வரை பொறுமையாகத் தேடினால் கிடைப்பது ஏழே ஏழு ஜோடிகள். அவற்றில் சிறிய எண்கள் 5, 8, 15, 77, 125, 714, 948.

இந்த ஜோடிகள் முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்குமா, எங்கேயாவது நின்றுவிடுமா? பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிற கேள்வி இது. இன்றுவரை யாரும் இதற்கு விடை நிறுவவில்லை.

கணிதத்தில் எல்லாம் எப்போதோ கண்டுபிடித்தாகிவிட்டது, மிச்சம் இருப்பதைத் தொட முனைவர் பட்டம் வேண்டும் என்று நம் கல்லூரிகளில் ஒரு நம்பிக்கை உண்டு. பி.எஸ்சி. கணிதம் படிக்கும் மாணவரிடம் ஆராய்ச்சி என்று சொன்னால், அது வேறு யாரோ செய்கிற வேலை என்றே முகத்தில் தெரியும். உடனே ராமானுஜனை உதாரணம் காட்டுவோம். என்னைக் கேட்டால் அந்தக் கதை ஊக்கப்படுத்திய மாணவர்களைவிடப் பயமுறுத்திய மாணவர்களே அதிகம். அப்படி ஒரு மூளை நமக்கு இல்லையே என்று அவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். அதனால் ராமானுஜனை விட்டுவிட்டு, மேலே சொன்ன கூட்டல் விளையாட்டையே பிடித்துக்கொண்டு போவோம்.

அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டத்தில் பேப் ரூத் அடித்த 714 ஹோம் ரன்கள் பல்லாண்டு காலம் முறியாத சாதனையாக இருந்தன. 1974 ஏப்ரல் 8 அன்று ஹாங்க் ஏரன் தன் 715-ஆவது ஹோம் ரன்னை அடித்து அதை முறியடித்தார். நாடே அந்த இரண்டு எண்களைப் பற்றிப் பேசியது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இளம் ஆசிரியராக இருந்த கார்ல் பொமரன்ஸ், 714-ஐயும் 715-ஐயும் பெருக்கினால் முதல் ஏழு பகா எண்களின் பெருக்குத்தொகை அப்படியே வருகிறது என்று கவனித்தார். அவருடன் பணிபுரிந்த ஓர் ஆசிரியரின் வகுப்பிலிருந்த மாணவர் ஒருவர் இன்னொன்றைக் கண்டார்: 714-இன் காரணிகளான 2, 3, 7, 17 கூடினால் 29, 715-இன் காரணிகளான 5, 11, 13 கூடினாலும் 29. பொமரன்ஸும் இரண்டு சகாக்களும் இதை ஒரு பொழுதுபோக்குக் கணித இதழில் எழுதினார்கள். அன்றிலிருந்து இத்தகைய ஜோடிகளுக்கு ரூத்-ஏரன் ஜோடிகள் என்றே பெயர்.

கட்டுரையில் பொமரன்ஸ் ஓர் ஊகத்தையும் வைத்தார். எண்கள் பெரிதாகப் பெரிதாக இந்த ஜோடிகள் அரிதாகிக்கொண்டே போகும்; கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெரிய எண்ணைத் தொட்டால் அது ஜோடியில் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பூச்சியத்தை நெருங்கிவிடும் என்றார். நிரூபணம் அவரிடம் இல்லை. கட்டுரையைப் படித்துவிட்டு, எனக்கு நிரூபிக்கத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு வந்தவர் ஹங்கேரியக் கணித மேதை பால் ஏர்டோஷ். வீடு வாசல் இல்லாமல் ஊர் ஊராகச் சுற்றிக் கணிதம் செய்தவர். பேஸ்பால் வேடிக்கையில் பிறந்த கேள்வி ஒன்று இருவரையும் நீண்டகாலக் கூட்டாளிகளாக்கியது.

அதே சமயத்தில் சென்னை விவேகானந்தா கல்லூரியில் ஓர் இளங்கலை மாணவர், ஜோடிகளைப் பற்றிய கவலை இல்லாமல், இதே கூட்டலை வேறு கோணத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் கிருஷ்ணசுவாமி அல்லாடி. ஒவ்வோர் எண்ணுக்கும் அதன் பகாக் காரணிகளின் கூட்டுத்தொகையை எழுதிக்கொண்டே போனால், அந்த வரிசை மொத்தத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பது அவர் கேள்வி.

நாமும் கொஞ்ச தூரம் எழுதிப் பார்க்கலாம். 100-க்கு 2, 2, 5, 5, கூட்டினால் 14. 101 பகா எண், ஆகவே 101-ஏ. 102-க்கு 22. 103-க்கு 103. 104-க்கு 19. 105-க்கு 15. 106-க்கு 55. 107-க்கு 107. ஏறுகிறது, சரிகிறது, மறுபடி எகிறுகிறது. ஒழுங்கு எதுவும் கண்ணில் படவில்லை. இத்தகைய வரிசையைக் கண்டால் கணிதக்காரர்கள் தனித்தனி உறுப்புகளை விட்டுவிட்டுச் சராசரியைக் கேட்பார்கள். இந்த எட்டு எண்களின் கூட்டுத்தொகைகளையும் மொத்தமாகக் கூட்டினால் 436 வருகிறது. இப்போது ஒவ்வோர் எண்ணிலும் மிகப் பெரிய காரணியை மட்டும் எடுத்துக் கூட்டுங்கள்: 5, 101, 17, 103, 13, 7, 53, 107. மொத்தம் 406. அதாவது 436-இல் 406, நூற்றுக்கு 93 பங்கு, பெரிய காரணிகளிடமிருந்தே வந்துவிட்டது.

கல்யாண வீட்டு மொய் நோட்டைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. நூறும் இருநூறுமாகப் பக்கம் பக்கமாகப் பெயர்கள் இருக்கும். ஆனால் மொத்தத் தொகையைத் தீர்மானிப்பது தாய்மாமனும் இன்னும் இரண்டு மூன்று பேரும் வைத்த பெரிய மொய்தான். எண்களின் காரணிகளிலும் அப்படியே: சராசரி என்று வந்தால் பெரிய காரணிதான் கணக்கு, மற்றவை உதிரி.

எட்டே எண்களைப் பார்த்துவிட்டு இப்படிச் சொல்லலாமா? கூடாது. கணிதத்தில் நமக்கு ஒன்று தெரியும் என்பதற்கு என்ன பொருள் என்பது இங்கேதான் விளங்கும். அதே எட்டு எண்களின் கூட்டுத்தொகைகளை இன்னொரு தடவை பாருங்கள். 14, 22 ஆகிய இரண்டு மட்டுமே இரட்டைப்படை; மிச்சம் ஆறும் ஒற்றைப்படை. இதை நம்பி, காரணிக் கூட்டுத்தொகை பெரும்பாலும் ஒற்றைப்படையாகவே வரும் என்று ஒருவர் அறிவித்தால் அது தவறாகிவிடும். எண்கள் போகப்போக ஒற்றையும் இரட்டையும் பாதிக்குப் பாதி என்பதே உண்மை. முதல் முடிவு நிலைத்தது, இரண்டாவது முடிவு தலைகீழானது. ஆனால் இரண்டுக்கும் நாம் பார்த்த சான்று அதே எட்டு எண்கள். எந்த ஊகம் நிற்கும், எது விழும் என்று சொல்வது நிரூபணம் மட்டுமே. மேலே சொன்ன இரண்டு உண்மைகளும் அல்லாடியும் ஏர்டோஷும் சேர்ந்து எழுதி, 1977-இல் ‘பசிபிக் ஜர்னல் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்’ இதழில் வந்த கட்டுரையில் நிறுவப்பட்டவை. பெரிய காரணியை நீக்கிவிட்டால் மிச்சத்தின் சராசரியை இரண்டாவது பெரிய காரணி ஆளும், அதையும் நீக்கினால் மூன்றாவது என்று அந்த முடிவு தொடர்ந்து போகிறது.

மாணவரும் மேதையும் எப்படிச் சந்தித்தார்கள்? மாணவர் கடிதம் எழுதினார். கல்கத்தாவிலிருந்து ஆஸ்திரேலியா போகவிருந்த ஏர்டோஷ் தன் பயண வழியை மாற்றிக்கொண்டு, 1975 ஜனவரியில் அந்தக் கல்லூரி மாணவரைப் பார்ப்பதற்காகவே மெட்ராசில் வந்து இறங்கினார்.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அல்லாடியின் தந்தை அல்லாடி ராமகிருஷ்ணன், 1962-இல் சென்னையில் கணித அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கிய இயற்பியலாளர். ஆகவே அந்த மாணவருக்கு நல்ல நூலகமும் வெளிநாட்டு இதழ்களும் யாருக்குக் கடிதம் எழுதலாம் என்ற தெளிவும் வீட்டிலேயே கிடைத்தன. அதே காலத்தில் பரமக்குடியிலோ திருவண்ணாமலையிலோ அதே கேள்வியை ஒரு மாணவர் கேட்டிருந்தால், இதை ஏற்கெனவே யாராவது செய்துவிட்டார்களா என்று தெரிந்துகொள்ளக்கூட வழி இருந்திருக்காது. கணித ஆராய்ச்சிக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், ரசாயனம் வேண்டாம். காகிதமும் பேனாவும் போதும் என்பார்கள். அது பாதி உண்மை. கையளவுக் கேள்வி ஒன்று வேண்டும், அது புதிதா பழையதா என்று பார்க்க வழி வேண்டும், செய்ததைப் படித்துப் பிழை சொல்ல ஆள் வேண்டும். ஐம்பது ஆண்டுகளில் மாறியிருப்பது இந்த மூன்றும்தான்.

புதிதா பழையதா என்ற கேள்விக்கு இன்று இருக்கும் அருமையான கருவி, முழு எண் வரிசைகளின் இணையக் கலைக்களஞ்சியம். ஓ.இ.ஐ.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1964-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த நீல் ஸ்லோன், தன் ஆய்வில் வந்த 1, 8, 78, 944 என்ற வரிசை வேறு எங்காவது வந்திருக்கிறதா என்று தேடினார். கிடைக்கவில்லை. கண்ணில் படும் வரிசைகளை எல்லாம் அட்டைகளில் குறித்துவைக்கத் தொடங்கினார். 1973-இல் அது 2,372 வரிசைகள் கொண்ட புத்தகமானது; 1995-இல் சிமோன் பிளூஃபுடன் சேர்ந்து வெளியிட்ட அடுத்த புத்தகத்தில் 5,487 வரிசைகள். மறு ஆண்டே இணையத்துக்கு வந்துவிட்டது. இன்று அதில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வரிசைகள் இருக்கின்றன. யாரும் காசு கொடுக்காமல் பார்க்கலாம்.

நம் ஜோடிகளையே தேடிப் பாருங்கள். 5, 8, 15, 77, 125 என்று தட்டினால் போதும், ரூத்-ஏரன் எண்கள் என்ற பக்கம் வந்து நிற்கும். அடுத்த உறுப்புகள், அவற்றைக் கணக்கிடும் நிரல், எந்தக் கட்டுரையில் பேசப்பட்டன என்ற விவரம் எல்லாம் அங்கே இருக்கும். நீங்கள் கண்டுபிடித்ததாக நினைத்த ஒன்று அதில் ஏற்கெனவே இருந்தால் மனம் கொஞ்சம் சுருங்கும். உண்மையில் அது நல்ல செய்தி: நீங்கள் கேட்ட கேள்வி மற்றவர்களும் மதித்துக் கேட்ட கேள்வி என்று தெரிகிறதே! அதில் இல்லாத வரிசை கிடைத்தால் நீங்களே அனுப்பலாம். தன்னார்வத் தொகுப்பாளர்கள் சரிபார்த்து, திருத்தச் சொல்லி, தேறினால் உங்கள் பெயருடன் சேர்ப்பார்கள். ஒரு மாணவரின் முதல் வெளியீடு இதுவாகவே இருக்கலாம்.

கையளவுக் கேள்வி எங்கிருந்து வரும்? பெரும்பாலும் பழைய கேள்வி ஒன்றை லேசாகத் திருப்புவதிலிருந்துதான். அடுத்தடுத்த இரண்டு எண்களுக்குப் பதில் மூன்று எண்களைக் கேட்டால் என்ன? கேட்டார்கள். 417162, 417163, 417164 மூன்றுக்கும் காரணிக் கூட்டுத்தொகை 533. (முதல் எண்ணுக்கு 2, 3, 251, 277; அடுத்ததற்கு 17, 53, 463; மூன்றாவதற்கு 2, 2, 11, 19, 499. தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள்.) அடுத்த எண்ணுக்குப் பதில் இரண்டு தள்ளி இருக்கும் எண்ணை எடுத்தால்? காரணிகளைக் கூட்டாமல் அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால்? ஒவ்வொரு திருப்பத்துக்கும் பத்து வரிப் பைத்தான் நிரல் எழுதி, ஒரு லட்சம் வரை ஓட விட்டு, வருவதைக் கலைக்களஞ்சியத்தில் தேடலாம். கணினி இல்லாதவர்கள் செல்பேசியிலேயே இதைச் செய்யலாம். பெரிய கணக்குகளுக்கு சேஜ், பாரி என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன.

கணினி காட்டுவது ஊகம் வரைக்கும்தான் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. இதற்கு நல்ல சாட்சி கான்பூர் ஐ.ஐ.டி.யில் இருக்கிறது.

ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்று எப்படிச் சோதிப்பது? சிறு எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது பள்ளிக்கூட முறை. எண்ணில் இரண்டு இலக்கங்கள் கூடினால் இந்த வேலை பத்து மடங்காகிவிடும். நூறு இலக்க எண்ணுக்குச் சூரியன் அணையும்வரை வகுத்தாலும் முடியாது. வேகமான முறைகள் இருந்தன. ஆனால் அவற்றில் சில, குலுக்கல் போல எண்களைத் தேர்ந்து சோதித்து, மிக மிகப் பெரும்பாலும் இது பகா எண் என்று மட்டும் சொன்னவை. வேறு சில, நிரூபிக்கப்படாத ஊகங்களைக் கடன் வாங்கியவை. சந்தேகத்துக்கு இடமில்லாமல், யாரிடமும் கடன் வாங்காமல், இலக்கங்கள் கூடினாலும் வேலை கட்டுமீறாத ஒரு முறை உண்டா என்பது பல்லாண்டுக் கேள்வி.

கான்பூரில் மணீந்திர அகர்வால் இந்தக் கேள்வியை பி.டெக். மாணவர்களின் புராஜெக்ட்டாகவே கொடுத்தார். 2001-இல் ரஜத் பட்டாச்சார்ஜி, பிரசாந்த் பாண்டே என்ற இரண்டு மாணவர்கள் ஒரு வழியை ஆராய்ந்து, ஓர் ஊகத்தை எழுதிவைத்துவிட்டுப் படிப்பை முடித்துப் போனார்கள். அடுத்த ஆண்டு நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் அந்த அறிக்கையை எடுத்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். ஊகத்தை ஆயிரம் கோடி வரை கணினியில் சரிபார்த்தார்கள். பட்டம் வாங்கிய அதே கோடையில், அகர்வாலுடன் சேர்ந்து, அந்த ஊகத்தின் உதவியே தேவைப்படாத ஒரு வழியில் விடையை நிரூபித்துவிட்டார்கள்.

அதை வெளியிட்ட விதத்தைக் கவனியுங்கள். 2002 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது பக்கக் கட்டுரை 15 வல்லுநர்களுக்கு மின்னஞ்சலில் போனது. திங்கட்கிழமை பெல் ஆய்வகத்தில் அதைப் படித்துச் சரி என்று உறுதிசெய்து, அன்று பிற்பகலே சகாக்களைக் கூட்டி விளக்கியவர் வேறு யாருமில்லை, நம்முடைய ரூத்-ஏரன் பொமரன்ஸ். செவ்வாயன்று கட்டுரை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. வியாழக்கிழமை ‘நியூயார்க் டைம்ஸ்’ செய்தி வெளியிட்டது. நிரூபணம் இளங்கலைப் பாடத்தைத் தாண்டி அதிகம் கேட்காத அளவுக்கு எளிமையாக இருந்ததுதான் பலரையும் திகைக்க வைத்தது. பிறகு முறைப்படி சகமதிப்பீடு, அதாவது துறை வல்லுநர்கள் வரிவரியாகப் படித்துக் குறை சொல்லும் கட்டம், முடிந்து 2004-இல் ‘ஆனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்’ இதழில் வந்தது. 2006-இல் கோடெல் பரிசு. நடைமுறையில் கணினிகள் இன்றும் வேறு வேகமான முறைகளைத்தான் பயன்படுத்துகின்றன என்பது வேறு விஷயம்.

ஆயிரம் கோடி வரை பிசகாமல் நின்ற அந்தப் பழைய ஊகம் என்ன ஆயிற்று? அது பொய்யாகத்தான் இருக்கும் என்று நம்ப வைக்கும் வாதம் ஒன்றைப் பின்னால் ஹெண்ட்ரிக் லென்ஸ்ட்ராவும் அதே பொமரன்ஸும் முன்வைத்தார்கள். ஆயிரம் கோடி சாட்சிகள் இருந்தும் தீர்ப்பு எதிராகப் போகக்கூடிய ஒரே நீதிமன்றம் கணிதம்தான்.

செய்ததைப் பகிர இன்று வழிகள் தாராளம். 1991-இல் பால் ஜின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்க்கைவ் களத்தில், இதழுக்குப் போகும் முன்பே கட்டுரையை முன்பதிப்பாக இலவசமாக ஏற்றலாம். புதிதாக வருபவருக்கு அத்துறையில் எழுதிவரும் ஒருவரின் ஒப்புதல் தேவைப்படும். ஆசிரியர் ஒருவர் துணையிருந்தால் அது பெரிய தடையில்லை. அங்கே ஏறிவிட்டதாலேயே கட்டுரை சரி என்று ஆகிவிடாது. அதற்கு இதழ்கள் வேண்டும். மாணவர்களுக்கென்றே ரோஸ்-ஹல்மன் நிறுவனம் ஓர் இதழ் நடத்துகிறது. 2008-இல் தொடங்கிய ‘இன்வால்வ்’ இதழில் ஒவ்வொரு கட்டுரையையும் எழுதியவர்களில் மூன்றில் ஒரு பங்காவது மாணவர்களாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் டுலூத் நகரில் ஜோசப் கேலியன் 1977-இல் தொடங்கிய கோடைகால ஆராய்ச்சி முகாம், ஒரு மாணவருக்கு ஒரு கேள்வி என்று கொடுத்துப் பல கணிதர்களை உருவாக்கியது. இளங்கலை ஆராய்ச்சிக்கான மார்கன் பரிசை 1995-இல் முதன்முதலாக வாங்கியவர் சென்னையில் வளர்ந்து மிச்சிகனில் படித்த கண்ணன் சௌந்தரராஜன். நம் நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகைக்குக் கல்லூரி மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். பெங்களூரிலிருந்து 1996 முதல் வரும் ‘ரெசொனன்ஸ்’ இதழின் பழைய பிரதிகள் அனைத்தும் இணையத்தில் இலவசம்.

பணம் கட்டு, ஒரு வாரத்தில் போட்டுவிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களின் பக்கம் மட்டும் போக வேண்டாம். அங்கே யாரும் படிக்க மாட்டார்கள். பிழையைச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் வெளியிடுவதும் வெளியிடாததும் ஒன்று.

கடைசியாகக் கல்லூரிக் கணிதத் துறைகளிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் எழுதித் தரும் புராஜெக்ட் அறிக்கைகள் தங்க எழுத்து அட்டையுடன் பைண்டு செய்யப்பட்டு, துறைத்தலைவர் அறை பீரோவுக்குள் போகின்றன. வைவா முடிந்தபின் அவற்றை யாரும் திறப்பதில்லை. அந்த பீரோவைத் திறந்து, இந்த ஆண்டு மாணவர்களிடம் சென்ற ஆண்டு அறிக்கையைக் கொடுத்து, இதில் முடிக்காமல் விட்டது எது என்று கேளுங்கள். கான்பூரில் நடந்தது அதுதான்.